மலையேற்றத்துக்குப் பஞ்சு ஜெர்கினை நாமே தைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேதார்காந்தா, சந்தக்ஃபூ போன்ற இமயமலைப் பாதைகளுக்குப் போகும்போது, மாலையில் கூடாரம் போட்டதும் மேலே மாட்டிக்கொள்ளும் பஞ்சு ஜெர்கினைப் பற்றியது இந்தப் பக்கம். முன்பக்கம் முழு ஜிப், தலைமூடி, செயற்கைப் பஞ்சு, மெல்லிய நைலான் துணி. வீட்டுத் தையல் மிஷினில், சட்டை தைக்கத் தெரிந்த ஒருவர் மூன்று நான்கு நாளில் முடிக்கக்கூடிய வேலை. எண்கள் எல்லாம் நெஞ்சுச் சுற்றளவு 96 செ.மீ. உள்ள ஒருவருக்கானவை.

முதல் வேலையாகவே கை வைத்த ஜெர்கின் தைக்கலாமா?

தைக்கலாம், ஆனால் கையில்லாத ஜெர்கினில் தொடங்குவது நல்லது. கை பொருத்துவதும் உள்துணியின் கையை வெளித்துணியின் கையோடு முறுக்காமல் சேர்ப்பதும்தான் இதில் கடினமான இரண்டு இடங்கள். கையில்லாததில் இரண்டும் இல்லை. பஞ்சோடு தைத்துப் பழகினால் போதும் என்பவர்கள் கூடாரத்துக்குள் போட்டுக்கொள்ளும் பஞ்சுக் காலுறை ஒரு ஜோடி தைத்துப் பார்க்கலாம். அரை மீட்டர் துணி போதும், கெட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

பஞ்சு எப்படிச் சூடு தருகிறது?

பஞ்சு சூடு தருவதில்லை. உடம்புதான் சூட்டை உண்டாக்குகிறது. இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று அந்தச் சூடு வெளியே ஓடாமல் பிடித்துவைக்கிறது. காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். தண்ணீர் அதைப்போல் இருபது மடங்குக்கும் மேல் கடத்தும். ஆகவே பஞ்சு நசுங்கினாலோ, நனைந்தாலோ, காற்று புகுந்து உள்ளிருக்கும் காற்றை அசைத்தாலோ குளிர் அடிக்கும்.

தைக்கும்போது எடுக்கும் முடிவுகள் எல்லாம் இங்கிருந்துதான் வருகின்றன. விலை உயர்ந்த பஞ்சை வாங்கி இறுக்கமாகத் தைத்த ஜெர்கினை, சாதாரணப் பஞ்சை நசுக்காமல் தைத்த ஜெர்கின் தோற்கடித்துவிடும். வெளித்துணி ஏன் பெரிதாக இருக்க வேண்டும், குறுக்குத் தையல் ஏன் குறைவாக இருக்க வேண்டும், தையல் ஓரத்தில் பஞ்சை ஏன் கத்தரிக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் இதுதான் காரணம்.

எவ்வளவு கனமான பஞ்சு வேண்டும்?

பஞ்சை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று அளப்பார்கள். வெளிநாட்டு விற்பனையாளர்கள் சதுர கெஜத்துக்கு அவுன்ஸ் என்று போடுவார்கள். அதை 34-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வந்துவிடும்: 2.5 அவுன்ஸ் என்றால் 85 கிராம், 3.6 என்றால் 122, 5 என்றால் 170.

ஊட்டி, கொடைக்கானல், மூணாறு இரவுகளுக்கு 60 முதல் 80 கிராம் தாராளம். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் விடியற்காலை நிற்கக்கூட இது போதும். 3,636 மீட்டரில் இருக்கும் சந்தக்ஃபூவுக்கோ பனிக்காலக் கேதார்காந்தா முகாமுக்கோ உடம்புக்கு 120, கைக்கு 80 என்று பிரித்துப் போடுங்கள். 5,364 மீட்டரில் உள்ள எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு உடம்புப் பகுதியில் 170 வேண்டியிருக்கும். அந்த உயரத்தில் வாத்துத் தூவிக்கு, அதாவது வாத்தின் மிருதுவான உள்ளிறகுக்கு, மாறுவதைப் பற்றியும் யோசிக்கலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பதை வைத்து, போகும் இடத்தின் அடிவார ஊர் வெப்பநிலையிலிருந்து தோராயமாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காற்றின் வேகம் இந்தக் கணக்கில் சேராது.

கையில் பஞ்சைக் குறைப்பது எடைக்காக மட்டுமல்ல. கனமான பஞ்சு முழங்கையை மடக்க விடாது. அடுப்பு பற்றவைக்கவும் கயிறு கட்டவும் கை மடங்க வேண்டும்.

விற்பனைப் பட்டியலில் குளோ என்று ஓர் அளவு வரும். 1941-இல் ஆய்வாளர்கள் வகுத்தது. 21 டிகிரி வெப்பமுள்ள அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கும் உடை எவ்வளவு தடுப்பு தருமோ அதுதான் ஒரு குளோ. இரண்டு பஞ்சுகளை ஒப்பிட இந்த எண் உதவும். அதை மட்டும் வைத்து ஜெர்கின் இத்தனை டிகிரி தாங்கும் என்று சொல்ல முடியாது. ஏனென்றால் அந்த எண், நசுங்காத பஞ்சுக்கு ஆய்வகத்தில் எடுத்தது.

எந்தப் பஞ்சு வாங்குவது?

வீட்டில் தைப்பவர்களுக்கு மிக எளிதானது நீள்இழைப் பஞ்சு. கிளைமாஷீல்ட் ஏபெக்ஸ் இந்த வகை. அறுபடாத நீண்ட பாலியெஸ்டர் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் ஓரங்களில் மட்டும் தைத்தால் போதும், நடுவில் தைக்கவே வேண்டாம். சுருட்டிக் கட்டினால் பெரிதாகத்தான் இருக்கும், தொட்டால் சற்று விறைப்பாகவும் இருக்கும். ஆனாலும் முதல் ஜெர்கினுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. இந்தியாவில் இதைக் கடைகளில் பார்ப்பது அரிது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பஞ்சின் விலையை அஞ்சல் கட்டணமும் சுங்கவரியும் எட்டிப்பிடிக்கும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குவது நல்லது.

பிரைமாலாஃப்ட் போன்ற குறுஇழைப் பஞ்சு மிருதுவானது, நன்றாகச் சுருங்கும். 1980-களில் அமெரிக்க ராணுவத்துக்காக, தூவிக்கு மாற்றாக உருவாக்கப்பட்டது. இழைகள் குட்டையாக இருப்பதால் நடுவில் பிடித்துத் தைக்காவிட்டால் நாளடைவில் கீழே இறங்கிக் கட்டிதட்டும்.

போலார்டெக் ஆல்ஃபா முற்றிலும் வேறு. சடைசடையாக, கண்ணுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் தெரியும் துணி. உழைக்கும்போதே போட்டுக்கொள்ளச் சிறந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் முகாம் ஜெர்கினுக்கு அது போதாது.

உள்ளூரில் கிடைப்பது மெத்தை, ரஜாய் கடைகளில் சுருளாக விற்கும் பாலியெஸ்டர் பஞ்சுத் தாள். வெப்பத்தால் ஒட்டிய வகையைக் கேளுங்கள். ஊசியால் குத்தி இறுக்கிய வகை கம்பளிபோல் தட்டையாக இருக்கும், காற்றே இராது. பார்த்து வாங்க ஒரு வழி: தாளை நான்காக மடித்து ஒரு கனமான புத்தகத்தை ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் எடுத்து ஒரு மணி நேரம் கழித்து உயரத்தை அளந்து பாருங்கள். முன்பிருந்த உயரத்தில் பத்தில் எட்டுப் பங்காவது திரும்ப வராத பஞ்சு, பையில் நாலு நாள் அடைந்து கிடந்தால் செத்துப்போகும். எடையையும் நீங்களே பாருங்கள். கடையில் 100 கிராம் என்று சொல்வது பெரும்பாலும் உத்தேசம்.

தலையணையில் அடைக்கும் உதிரி ரெக்ரான் பஞ்சு வேண்டாம். அதைச் சமமாகப் பரப்ப முடியாது, முதல் துவைப்பிலேயே உருண்டை உருண்டையாகத் திரளும்.

இலவம் பஞ்சு அடைக்கலாமா? நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறதே?

கேட்க வேண்டிய கேள்விதான். இலவம் இழை உள்ளே குழலாக இருக்கும், அதன் பருமனில் பெரும்பகுதி காற்று. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீரும் ஒட்டாது. அதனால்தான் ஒரு காலத்தில் உயிர்காப்பு மிதவைச் சட்டைகளில் அதை அடைத்தார்கள். ஆனால் அந்த இழை எளிதில் ஒடியும். பையில் அமுக்கி அமுக்கி எடுத்தால் பொடியாகிவிடும், பழைய இலவம் பஞ்சுத் தலையணை தூசி கிளப்புவது இதனால்தான். மெல்லிய நைலானின் ஊசித் துளைகள் வழியாகவும் வெளியே வரும். வீட்டில் போடும் கையில்லாச் சட்டைக்குச் சரி, மலைக்குச் சரிப்படாது.

பருத்திப் பஞ்சு எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. வியர்வையை உறிஞ்சிவைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும்.

துணி எது? எப்படிச் சோதிப்பது?

வெளியே 20 டெனியர் ரிப்ஸ்டாப் நைலான், சதுர மீட்டருக்கு 35 முதல் 45 கிராம். டெனியர் என்பது இழையின் பருமனைக் குறிக்கும் அளவு. கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓடுவதால் கிழிசல் பரவாது. 10 டெனியர் துணி இன்னும் லேசானது, ஆனால் வழுக்கிக்கொண்டே போகும், புதியவர் கையில் அடங்காது. உள்ளே 190டி (இழை நெருக்கத்தைக் குறிக்கும் எண்) பாலியெஸ்டர் டஃபெட்டா போதும். கோட்டுக்கு லைனிங் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

கடையில் பாராசூட் துணி என்று பல ரகங்களைக் காட்டுவார்கள். மூன்று சோதனைகள் போதும். உதட்டோடு வைத்து ஊதுங்கள்: கஷ்டப்பட்டு ஊதினால் மட்டும் கொஞ்சம் காற்று போக வேண்டும். தாராளமாகப் போனால் குளிர்காற்றும் புகும், பஞ்சிழையும் வெளியே வரும். துளிகூடப் போகாவிட்டால் அது பூச்சுப் பூசிய குடைத் துணி அல்லது மழைக்கோட்டுத் துணி. அதில் தைத்தால் வியர்வை வெளியேற வழியில்லாமல் பஞ்சு உள்ளிருந்தே நனையும். அடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நிற்க வேண்டும். கடைசியாக, சரியாக 10 செ.மீ. சதுரம் வெட்டி நகைக்கடைத் தராசு போன்ற நுண்தராசில் நிறுங்கள். வரும் கிராமை 100-ஆல் பெருக்கினால் சதுர மீட்டர் எடை. 0.38 கிராம் காட்டினால் துணி 38 கிராம்.

மொத்தம் என்னென்ன, எவ்வளவு வாங்க வேண்டும்?

150 செ.மீ. அகலத் துணி என்றால் வெளிக்கு 2.25 மீட்டர், உள்ளுக்கு 2 மீட்டர், பஞ்சு 2 மீட்டர். பிரிந்து திறக்கும் 5-ஆம் எண் காயில் ஜிப் (சுருள் பல் உள்ளது) ஒன்று, 70 செ.மீ. இடுப்புக்கு 3 மி.மீ. எலாஸ்டிக் கயிறு 1.3 மீட்டர், அதைப் பிடிக்க இரண்டு கயிற்றுப் பூட்டு. மணிக்கட்டுக்கு 2 செ.மீ. அகல எலாஸ்டிக் அரை மீட்டர். பாலியெஸ்டர் நூல், டிக்கெட் 120, இரண்டு கண்டு. பேட்டர்ன் வெட்டப் பழைய செய்தித்தாள், பஞ்சோடு சேர்த்துத் தைக்க பட்டர் பேப்பர். குண்டூசிக்குப் பதில் துணி கிளிப் முப்பது.

முடிந்த ஜெர்கின் எவ்வளவு கனக்கும் என்று முன்பே கணக்குப் போடலாம். ஒவ்வொரு அடுக்கும் சுமார் 1.8 சதுர மீட்டர். வெளித்துணி 40 கிராம் வகை என்றால் 72, உள்துணி 50 கிராம் வகை என்றால் 90, பஞ்சு சராசரி 105 என்றால் 189, ஜிப்பும் மற்றவையும் 50. ஆக 400 கிராம். இதற்கு மேல் 100 கிராம் ஏறியிருந்தால் எங்கோ துணி தப்பு.

சாதாரண கால் மிஷினில் தைக்க முடியுமா?

முடியும். நேர்த்தையல் மட்டும் போடும் பழைய உஷா, சிங்கர் மிஷின்கள் இந்த வேலைக்கு நல்லவை, ஏனென்றால் ஊசித்தட்டின் துளை சிறியது. ஜிக்ஜாக் மிஷினின் நீளத் துளைக்குள் மெல்லிய நைலான் இழுபட்டுப் போகும்.

ஊசிதான் முக்கியம். சட்டைக்குப் போடும் 14, 16 நம்பர் ஊசி 20 டெனியர் துணியில் கண்ணுக்குத் தெரியும் ஓட்டை போடும். 9 அல்லது 11 நம்பர், கூர்முனை ஊசி வாங்குங்கள். ஜெர்கின் தொடங்கும்போது புது ஊசி, கை பொருத்தும் முன் இன்னொரு புது ஊசி. மழுங்கிய ஊசி நைலானில் இழையை அறுக்காமல் இழுத்துக் கோடு விடும், அந்தக் கோடு போகாது. தையல் நீளம் 2.5 முதல் 3 மி.மீ. அதைவிட நெருக்கமாகப் போட்டால் தபால்தலை ஓரம்போல் வரிசையாகத் துளை விழுந்து, இழுபடும்போது அங்கேயே கிழியும். ஃபுட் அழுத்தத்தையும் நூல் டென்ஷனையும் குறைத்து, வெட்டிப்போட்ட துண்டில் தைத்துச் சரிபார்த்த பிறகே பேட்டர்னைத் தொடுங்கள்.

அளவு எடுப்பது எப்படி? சட்டை பேட்டர்னையே பெரிதாக்கினால் போதாதா?

போதாது. அதிகம் பேர் தவறுவது இங்கேதான், கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

மலையில் போடப்போகும் உள்சட்டை, ஃபிளீஸ் (மிருதுவான சடைத்துணிச் சட்டை) இரண்டையும் போட்டுக்கொண்டு அளவெடுங்கள். 96 செ.மீ. நெஞ்சு அப்போது 102 ஆகியிருக்கும். உள்துணியின் முடிந்த சுற்றளவு 112 செ.மீ. என்று வையுங்கள். இப்போது வெளித்துணி. பஞ்சின் தடிமன் 1.5 செ.மீ. என்றால், வட்டக் கணக்குப்படி வெளிச்சுற்று 2 × 3.14 × 1.5, அதாவது 9 செ.மீ.க்குச் சற்று மேல் பெரிதாக இருக்க வேண்டும். உடம்பு பீப்பாயல்ல, தோளில் துணி படிந்துதான் இருக்கும் என்பதால் நடைமுறையில் 6 செ.மீ. போதும். வெளித்துணி நெஞ்சில் 118. கையில் 2.5 செ.மீ. கூட்டுங்கள்.

இந்தக் கூடுதலை விட்டு இரண்டு துணியையும் ஒரே அளவில் வெட்டினால் என்ன ஆகும்? குனியும்போதும் கையை நீட்டும்போதும் வெளித்துணி முதுகிலும் முழங்கையிலும் இறுகி, நடுவில் உள்ள பஞ்சைத் தகடாக்கிவிடும். அந்த இடத்தில் இரண்டு துணி மட்டும் போட்ட குளிர்தான். பார்க்க அழகாக, உடம்போடு ஒட்டி இருக்கும், முகாமில் நடுங்குவீர்கள்.

ஆனால் இடுப்பு ஓரத்திலும் மணிக்கட்டிலும் கழுத்திலும் இரண்டு துணியும் ஒரே சுற்றளவில் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று தைக்க முடியாது. எனவே கூடுதல் அகலத்தை நெஞ்சுக்கும் முழங்கைக்கும் கொடுத்து, ஓரத்தை நோக்கிப் படிப்படியாகக் குறையுங்கள். முன்பக்க ஜிப் ஓரத்தின் நீளமும் இரண்டிலும் சமம்.

சட்டை பேட்டர்னில் மாற்ற வேண்டிய மற்றவை: முதுகை முன்பாகத்தைவிட 5 செ.மீ. நீளமாக்குங்கள், குனிந்தால் இடுப்பு தெரியக் கூடாது. கையை 3 செ.மீ. நீட்டுங்கள். கையின் மேல் வளைவைத் தட்டையாக்கி அக்குளை உடம்புக்கு நெருக்கமாக உயர்த்துங்கள். அக்குளை ஆழமாக இறக்கினால் கையைத் தூக்கும்போது ஜெர்கின் முழுவதும் மேலே ஏறிவிடும், ஊன்றுகோல் பிடிப்பவருக்கு இது ஓயாத தொல்லை. தோள் தையலை உச்சியிலிருந்து 3 செ.மீ. முன்னால் தள்ளுங்கள், முதுகுப்பைப் பட்டை தையல் மேட்டின்மேல் உட்காராது.

பேட்டர்ன் முடிந்ததும் பழைய போர்வையில் ஒரு மாதிரி தைத்துப் பாருங்கள். போர்வையின் தடிமன் பஞ்சு போலவே நடந்துகொள்ளும். கைகளைத் தலைக்கு மேல் தூக்கியும், முன்னால் கட்டிக்கொண்டும், தரையில் குந்தியும் பார்த்துத் திருத்துங்கள்.

எப்படி வெட்டுவது?

எல்லாத் தையலுக்கும் 1.2 செ.மீ. ஓரம் விடுங்கள். நைலானைக் குண்டூசியால் குத்தாதீர்கள், பேட்டர்னின் மேல் கனம் வைத்து சோப்புத் துண்டால் வரைந்து வெட்டுங்கள். ஓரம் பிரியும் துணியானால் வெட்டிய விளிம்பை ஊதுபத்தித் தணலில் படாமல் நெருக்கிக் காட்டினால் உருகி அடைபடும். புகையை முகர வேண்டாம், ஜன்னலைத் திறந்துவையுங்கள். பஞ்சை உள்துணிப் பேட்டர்னைவிடச் சுற்றிலும் 2 செ.மீ. பெரிதாக வெட்டுங்கள், பிறகு சரிப்படுத்திக்கொள்ளலாம். இஸ்திரிப் பெட்டியைப் பஞ்சின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒரு முறை சூடுபட்டுத் தட்டையான இடம் மறுபடி எழும்பாது. மடிப்பை நகத்தால் கீறிப் படியவையுங்கள்.

தைக்கும் வரிசை என்ன?

முதலில் உள்துணியின் ஒவ்வொரு துண்டையும் தவறான பக்கம் மேலே இருக்கும்படி விரித்து அதன்மேல் பஞ்சை வைத்து, ஓரத்திலிருந்து 6 மி.மீ. உள்ளே தற்காலிக ஓட்டுத் தையல் போடுங்கள். தையல் நீளம் 4 மி.மீ. நடுவிலிருந்து ஓரத்துக்குக் கிளிப் போட்டுக்கொண்டு போனால் பஞ்சு இழுபடாது. வெளியே நீட்டும் பஞ்சைக் கத்தரியுங்கள். பஞ்சை வெளித்துணியோடு பிடிப்பவர்களும் உண்டு. உள்துணியோடு பிடிப்பதே நல்லது: வெளித்துணியில் துளை குறையும், அது சுதந்திரமாக மேலே மிதக்கும்.

அடுத்து வெளித்துணி. ஜேபி, கயிறு வெளிவரும் ஓட்டைக்கான கண்ணி இரண்டையும் தட்டையாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். தோளைச் சேர்த்து, கையைத் தட்டையாகவே பொருத்தி, மணிக்கட்டிலிருந்து அக்குள் வழியாக இடுப்புவரை ஒரே ஓட்டமாகப் பக்கத் தையல். பிறகு தலைமூடி.

உள்துணியையும் அதே வரிசையில் சேருங்கள். இடது கையின் அடித்தையலில் மட்டும் 25 செ.மீ. தைக்காமல் விடுங்கள், முழு ஜெர்கினையும் அதன் வழியாகத்தான் புரட்டப் போகிறோம். ஒவ்வொரு தையலும் முடிந்ததும் தையல் ஓரத்தில் மாட்டியிருக்கும் பஞ்சைத் தையலுக்கு 3 மி.மீ. அருகில்வரை கத்தரியுங்கள். கத்தரிக்காவிட்டால் தோளிலும் அக்குளிலும் விரல் தடிமனுக்கு மேடு நிற்கும். இடுப்பு ஓரத்தில் 3 செ.மீ. பஞ்சை எடுத்துவிடுங்கள், கயிறு ஓடும் குழல் அங்கே வரப்போகிறது.

இப்போது வெளித்துணியின் நல்ல பக்கத்தில் ஜிப்பைத் தைத்து, அதன்மேல் உள்துணியை நல்ல பக்கம் உள்ளே பார்க்க வைத்து, ஒரு பக்க இடுப்பிலிருந்து தலைமூடி விளிம்பைச் சுற்றி மறுபக்க இடுப்புவரை தையுங்கள். பிறகு இடுப்பு ஓரம்.

மணிக்கட்டு கடைசி. இங்கே கை முறுக்கிக்கொள்வதுதான் வழக்கமான விபத்து. தவிர்க்க ஒரு வழி: ஜெர்கினை நல்ல பக்கம் புரட்டி, உடுத்தும் நிலையில் உள்கையை வெளிக்கைக்குள் விட்டு, இரண்டின் அடித்தையலையும் மணிக்கட்டில் ஒரே கிளிப்பால் பிடியுங்கள். அப்புறம் 25 செ.மீ. திறப்புக்குள் கையை விட்டு அந்தக் கிளிப்பைப் பிடித்து வெளியே இழுங்கள். இரண்டு மணிக்கட்டும் சரியான முகத்தோடு கையில் வரும். எலாஸ்டிக்கை நடுவில் கொடுத்துச் சுற்றித் தையுங்கள். வலது கைக்கும் இதே திறப்புதான், கழுத்தைத் தாண்டி எட்டிப் பிடிக்க வேண்டும்.

மூடும் முன்பு அக்குள் இரண்டிலும் தலைமூடி உச்சியிலும் 3 செ.மீ. நாடாத் துண்டால் உள், வெளித் தையல் ஓரங்களை இணைத்துவிடுங்கள். இதை மறந்தால் ஜெர்கினைக் கழற்றும்போதெல்லாம் உள்கை வெளியே பிதுங்கி வரும். இடுப்பிலிருந்து 2 செ.மீ. மேலே சுற்றித் தையல் போட்டுக் கயிற்றைக் கோத்து, திறப்பை விளிம்புத் தையலால் அடைத்தால் வேலை முடிந்தது.

பஞ்சு மிஷின் பல்லிலும் ஃபுட்டிலும் சிக்குகிறதே?

பஞ்சு நேராக இரும்பைத் தொடக் கூடாது. பஞ்சு மேலே இருந்தால் ஃபுட்டின் கீழும், கீழே இருந்தால் பல்லின் மேலும் 3 செ.மீ. அகலப் பட்டர் பேப்பர்த் துண்டு வைத்துச் சேர்த்தே தைத்துவிட்டு, பிறகு கிழித்தெடுங்கள். ஊசித் துளை வரிசையில் அது தானாகப் பிரியும்.

கடை ஜெர்கின்போல் குறுக்கே கோடு கோடாகத் தைக்க வேண்டாமா?

ஒவ்வொரு கோட்டிலும் பஞ்சு பூஜ்யத் தடிமனுக்கு நசுங்குகிறது, கூடவே ஆயிரக்கணக்கில் துளை. நீள்இழைப் பஞ்சில் எந்தக் கோடும் வேண்டாம். உள்ளூர்ப் பஞ்சுத் தாளோ குறுஇழையோ என்றால் 15 முதல் 20 செ.மீ.க்கு ஒரு கோடு தேவை, ஆனால் அதை உள்துணியும் பஞ்சும் சேர்ந்த அடுக்கில் மட்டும் போடுங்கள். வெளித்துணியைக் கோடு தொடக் கூடாது. அப்போது குளிர்காற்றுக்கு நேர்வழி கிடைக்காது, வெளியே பார்க்கவும் ஒரே வழவழப்பாக இருக்கும்.

ஜிப் அலை அலையாக நிற்கிறது. ஏன்?

மிஷின் பல் அடித்துணியை இழுத்துச் சேர்க்கிறது, ஜிப் நாடா நீள்வதில்லை. இரண்டிலும் 10 செ.மீ.க்கு ஓர் அடையாளம் போட்டு, அடையாளத்தோடு அடையாளம் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல் போட்ட பிறகு மிஷினில் தையுங்கள். தையல் ஜிப்பின் பல்வரிசையிலிருந்து 5 மி.மீ. தள்ளி இருக்கட்டும், ரன்னர் துணியைக் கடிக்காது. பிரியும் ஜிப் நீளமாக இருந்தால் மேல்முனையிலிருந்து மட்டுமே வெட்டலாம், கீழே உள்ள பெட்டிதான் இரு பக்கத்தையும் கோக்கிறது. ஜிப்புக்குப் பின்னால் 4 செ.மீ. அகலத்தில் மெல்லிய பஞ்சு வைத்த பட்டி ஒன்று கட்டாயம். அது இல்லாவிட்டால் பல்வரிசை வழியே காற்று நெஞ்சில் குத்தும்.

ஜேபி?

முதல் ஜெர்கினுக்கு உள்துணியில் ஒரே ஒரு ஒட்டு ஜேபி போதும், 12 × 18 செ.மீ. செல்போனும் பேட்டரியும் குளிரில் சீக்கிரம் இறங்கும், உடம்போடு ஒட்டி இருந்தால் தாங்கும்.

முடித்துப் போட்டுப் பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் குளிர்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

இருட்டறையில் ஜெர்கினுக்குள் டார்ச் விளக்கை வைத்துப் பாருங்கள். பஞ்சு மெலிந்த இடம் வெளிச்சமாகத் தெரியும். தோளிலும் கை பொருத்திய வளைவிலும் தெரிந்தால், பஞ்சைக் கத்தரிக்கும்போது தையலையும் தாண்டி வெட்டியிருக்கிறீர்கள். திறப்பைப் பிரித்து ஒரு பட்டி பஞ்சை அந்த ஓரத்தில் கையால் பிடித்துத் தைக்கலாம். வெளிச்சம் சமமாக இருந்தும் முதுகு குளிர்ந்தால் வெளித்துணி இறுக்கம். அதைச் சரிசெய்ய அக்குளிலிருந்து இடுப்புவரை வெளித்துணியில் 3 செ.மீ. பட்டி சேர்க்க வேண்டும். இடுப்பும் கழுத்தும் குளிர்ந்தால் கயிற்றை இறுக்கினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஏறும்போதே போட்டுக்கொண்டு நடக்கலாமா?

வேண்டாம். மேட்டில் ஏறும் உடம்பு, சும்மா இருப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு சூட்டை உண்டாக்கும். அரை மணியில் உள்துணி வியர்வையில் நனைந்துவிடும், நின்றதும் அந்த ஈரம் குளிரும். நடக்கும்போது உள்சட்டையும் காற்றுத் தடுக்கும் மெல்லிய மேற்சட்டையும். நின்ற உடனே, உடம்புச் சூடு போவதற்கு முன்பே, ஜெர்கினை எல்லாவற்றுக்கும் மேலே போடுங்கள்.

வாத்துத் தூவி வைத்து வீட்டில் தைக்க முடியுமா?

முடியும், இரண்டாவது மூன்றாவது ஜெர்கினாக. எடைக்கு எடை தூவியை வெல்லும் செயற்கைப் பஞ்சு இன்னும் வரவில்லை. 1922 எவரெஸ்ட் பயணத்தில் ஜார்ஜ் ஃபிஞ்ச் பலூன் துணிக்குள் வாத்துத் தூவி வைத்துத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். இன்றைய தூவி ஜெர்கின்களுக்கு அது முன்னோடி.

கணக்கு இப்படி: 800 தரத் தூவி என்றால் ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராமுக்குச் சற்று மேல், 800 கன அங்குலம் எழும்பும். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 460 மில்லி லிட்டர். 1.5 சதுர மீட்டர் பரப்பில் சராசரி 2.5 செ.மீ. தடிமன் வேண்டுமானால் 37.5 லிட்டர் இடம். அதற்கு 82 கிராம் வேண்டும், வியர்வைக்கும் அழுக்குக்கும் ஈடாக நாலில் ஒரு பங்கு கூட்டினால் 100 கிராம். தையல் கோடுகளுக்கு நடுவே வரும் ஒவ்வொரு அறையின் பரப்பையும் அளந்து அதற்குரிய எடையைத் தனித்தனியாக நிறுத்து அடைக்க வேண்டும், கண்ணால் பார்த்து அடைத்தால் ஒரு கை குண்டாகவும் மறு கை சப்பையாகவும் வரும். துணி தூவி கசியாத வகையாக இருக்க வேண்டும். குளியலறையில், கதவைச் சாத்தி, சுவரில் தண்ணீர் தெளித்து, மின்விசிறி இல்லாமல் அடையுங்கள். ஈரக்காற்றில் தூவி பறப்பது குறையும். நனைந்தால் தூவி அடியோடு சப்பிப்போகும் என்பதால் மழைக்காலப் பாதைகளுக்குச் செயற்கைப் பஞ்சே பத்திரம்.

துவைப்பது, வைத்துக்கொள்வது?

ஜிப்பை மூடி, குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பில் கையால் அமுக்கித் துவையுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், நீரை உருட்டிவிடும் பூச்சைக் கெடுத்துவிடும். நிழலில் தட்டையாக விரித்துக் காயவையுங்கள். வீட்டில் இருக்கும்போது சுருட்டி வைக்காமல் ஹேங்கரில் தொங்கட்டும். மாதக்கணக்கில் அமுங்கிக் கிடந்த செயற்கைப் பஞ்சு பழைய உயரத்துக்குத் திரும்பாது.

வழியில் கிழிந்தால், தீப்பொறி பட்டால்?

நைலான் பொறி பட்டதும் உருகி வட்டமாக ஓட்டை விழும். ஓரத்தின் கெட்டித்த உருகலைக் கத்தரித்து, சுற்றிலும் ஸ்பிரிட்டால் துடைத்து, பழுதுபார்க்கும் ஒட்டுத் துணியை மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். கூர்மூலை பை உரசலிலேயே பெயர்ந்து வரும். ஒட்டு, ஓட்டையைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 செ.மீ. மூடியிருக்க வேண்டும். ஒட்டுத் துணி இல்லாத இடத்தில் கூடாரத்துக்கு வைத்திருக்கும் பிளாஸ்டர் டேப்பும் ஊர் திரும்பும்வரை தாங்கும். வெட்டி மிஞ்சிய வெளித்துணியில் உள்ளங்கை அளவுத் துண்டு இரண்டு, கொஞ்சம் நூல், ஓர் ஊசி இவற்றை அந்த உள்ஜேபியிலேயே போட்டுவையுங்கள்.